மெல்டெமி வீசும்போது நங்கூரத்தைத் தூக்கி இடம் மாறலாமா? நௌசா விரிகுடாவை முன்வைத்து ஒரு பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆகஸ்டில் கிரேக்கத்தின் சிக்ளேட்ஸ் தீவுகளில் 12 மீட்டர் நீளமுள்ள பாய்ப்படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சென்றீர்கள். பாரோஸ் தீவின் வடகரையில் உள்ள நௌசா விரிகுடாவில், ஊருக்கு எதிரே, ஐந்து மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டிருந்தீர்கள். காலையில் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் இருந்த, மெல்டெமி எனப்படும் கோடைகால வடக்குக் காற்று பிற்பகலில் 28 நாட்டுக்கு ஏறியது. நங்கூரம் அசையவில்லை. ஆனாலும் படகு முன்னும் பின்னுமாகக் குதித்துக்கொண்டே இருந்ததால் குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். அக்கம்பக்கத்துப் படகுகள் ஒவ்வொன்றாக விரிகுடாவின் வடமேற்கு மூலையில் உள்ள அயியோஸ் இயோனிஸ் பக்கம் நகர்ந்தன. நீங்கள் தங்கிவிட்டீர்கள், இரவு முழுவதும் விழித்திருந்தீர்கள், காலையில் கிளம்ப முயன்றபோது நங்கூர வின்ச், அதாவது சங்கிலியைச் சுருட்டி ஏற்றும் மின்பொறி, பாதியில் நின்றுபோனது. அந்தக் காற்றில் நங்கூரத்தைத் தூக்கியிருக்கலாமா, தூக்கியிருக்கக் கூடாதா என்பது உங்கள் கேள்வி. அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இருப்பதும் ஆபத்து, கிளம்புவதும் ஆபத்து என்னும்போது, எந்தக் கட்டத்தில் ஒன்று மற்றொன்றைவிடப் பெரிய ஆபத்தாகிறது? அடுத்த கோடையில் நீங்கள் மறுபடியும் அங்கே போகப்போவதால், இதற்கே விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கிழக்கு மத்தியதரைக் கடலில் பாய்ப்படகு ஓட்டியும், புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுத்தும் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் படகையோ அதன் நங்கூரத்தையோ நான் பார்த்ததில்லை. அன்று பிற்பகல் உங்கள் இடத்திலிருந்து கடல் எப்படித் தெரிந்தது என்பதும் உங்களுக்கே தெரியும். ஆகவே கீழே நான் உறுதியாகச் சொல்பவை காற்றுக்கும் நீருக்கும் சங்கிலிக்கும் பொதுவாகப் பொருந்துபவை. தீர்ப்பாகச் சொல்பவை என் அனுபவம் சார்ந்தவை. இரண்டையும் பிரித்தே சொல்ல முயல்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே வைத்துவிடலாம்: நீங்கள் இடம் மாறியிருக்க வேண்டும், ஆனால் மதியம் இரண்டு மணிக்கு முன்பாக. இருட்டிய பிறகு, நங்கூரம் பிடித்திருந்தவரையில், விழித்திருந்து காவல் காத்தது சரியான முடிவுதான்.

மெல்டெமி பற்றி இரண்டு செய்திகள் இந்த முடிவோடு நேரடியாகத் தொடர்புடையவை. கோடையில் பால்கன் பகுதியின் மேல் அழுத்தம் உயர்ந்தும் துருக்கியின் மேல் தாழ்ந்தும் இருப்பதால் ஏஜியன் கடலின் வழியே வடக்கிலிருந்து தெற்காக இக்காற்று பாய்கிறது. அந்தத் தாழ்வழுத்தம், நம் நாட்டுத் தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்துக்கொண்டுவரும் பெரும் தாழ்வழுத்தப் பகுதியின் மேற்கு நீட்சி. எனவே இது வந்த வேகத்தில் கடந்துபோகும் புயலன்று. கிளம்பிவிட்டால் இரண்டு மூன்று நாட்களும், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் நிற்கும். வானம் தெளிந்து நீலமாக இருக்கும்போதே வீசும் என்பதால், மேகத்தைப் பார்த்து எச்சரிக்கையாகும் நம் பழக்கம் அங்கே உதவாது. இரண்டாவது செய்தி, திசை. சிக்ளேட்ஸ் தீவுகளின் நடுவில் அது பெரும்பாலும் வடக்கிலிருந்தே வரும், நாள் கணக்கில் அதே திசையில் நிற்கும். இது நமக்குப் பெரிய சலுகை. திசை மணிக்கு மணி மாறும் கடல்களில், இன்று அமைதியாக இருக்கும் விரிகுடா நாளை காலை பொறியாகிவிடக்கூடும். மெல்டெமியில் அந்தச் சிக்கல் குறைவு. நல்ல இடம் ஒன்றைப் பிடித்துவிட்டால் அது நாளையும் நல்ல இடமாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி, அமைதியான இடம் என்று எதைத் தேட வேண்டும் என்பதைப் பார்ப்போம். புதிதாகப் படகோட்டுபவர்கள் காற்று குறைவாக இருக்கும் இடத்தைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது அலை குறைவாக இருக்கும் இடத்தை. காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், 20 நாட் 28 நாட்டாகும்போது படகின் மேல் விழும் விசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஆனாலும் நல்ல மணலில் நன்றாகப் புதைந்த, படகுக்கேற்ற எடையுள்ள நங்கூரம் அந்த நிலையான இழுப்பைத் தாங்கும். அதைப் பெயர்த்தெடுப்பது பெரும்பாலும் அலைதான். அலையில் படகின் அணியம், அதாவது முன்முனை, மேலே எழும்போது சங்கிலி விறைத்து ஓர் உலுக்கு உலுக்குகிறது. கீழே இறங்கும்போது தளர்கிறது. அடுத்த அலையில் மறுபடியும் உலுக்குகிறது. 28 நாட் காற்றில் சங்கிலியின் தொய்வு ஏற்கெனவே பெருமளவு நிமிர்ந்துவிட்டிருப்பதால், அந்த உலுக்கைத் தணிக்க அதில் மிச்சம் அதிகம் இருக்காது. இரவு முழுவதும் இப்படி உலுக்கினால் நன்றாகப் புதைந்த நங்கூரமும் சிறிது சிறிதாக மேலே வரக்கூடும். உங்களுடையது வரவில்லை, அது நல்ல மணலுக்கும் நீங்கள் போதிய சங்கிலி விட்டிருந்ததற்கும் அடையாளம்.

அலையின் உயரத்தை, மற்ற எல்லாம் ஒன்றாக இருக்கும்போது, நிர்ணயிப்பது காற்று திறந்த நீரின் மேல் எவ்வளவு தூரம் தடையின்றி ஓடிவருகிறது என்பதுதான். நௌசா விரிகுடா வடக்கே வாய் திறந்தது. ஊர் அதன் தென்கரையில் இருக்கிறது. நீங்கள் நின்ற இடத்துக்கும் விரிகுடாவின் வடமேற்கு மூலைக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை கடல் மைல். அந்தத் தூரம் மட்டுமே 28 நாட் காற்றில் முக்கால் அடி முதல் ஒன்றரை அடி வரை குறுகிய, செங்குத்தான அலைகளை எழுப்பப் போதும். அதன் மேல், வாய்வழியே உள்ளே வளைந்து நுழையும் வெளிக்கடல் அலையும் சேர்கிறது. அயியோஸ் இயோனிஸ் மூலையிலோ, கோராக்காஸ் கலங்கரை விளக்கம் நிற்கும் முனைவரை நீளும் தாழ்ந்த நிலம் வடக்கே தடுப்பாக நிற்கிறது. அந்தக் கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி நின்றால் காற்று அதே 28 நாட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பாய்க்கம்பங்களில் அதே ஓலம் கேட்கும். அலை மட்டும் ஒரு சாணுக்கும் குறைவாக இருக்கும். குழந்தைகள் அங்கே தூங்கியிருப்பார்கள்.

தாழ்ந்த நிலம் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உயரமான மலையின் அடிவாரத்தில், காற்றின் மறைவில் ஒதுங்குவது பாதுகாப்பு என்று தோன்றும். ஏஜியன் கடலில் அது பலமுறை ஏமாற்றும். மலைமுகட்டைத் தாண்டும் காற்று மறுசரிவில் இறங்கும்போது, வெளிக்கடலில் வீசுவதைவிட வலுவான சுழல்களாக நீரின் மேல் விழுகிறது. நக்சோஸ் தீவின் சாஸ் மலை ஆயிரம் மீட்டர் உயரம். அதன் தெற்கே உள்ள விரிகுடாக்களிலும், அமோர்கோஸ் தீவின் தென்கரையிலும் இதை நன்றாக உணரலாம். இரண்டு நிமிடம் காற்றே இல்லாமல் படகு ஒரு பக்கம் திரும்பி நிற்கும். அடுத்த கணம் மறுபக்கத்திலிருந்து 40 நாட் விழும். சங்கிலி பக்கவாட்டில் இழுபட்டு நங்கூரம் திரும்பும். எனவே வரைபடத்தில் மறைவிடம் தேடும்போது, காற்று வரும் பக்கத்தில் நிலம் இருக்கிறதா என்பதோடு, அந்த நிலம் எவ்வளவு உயரம் என்பதையும் பாருங்கள். தாழ்ந்த முனையின் பின்னால் காற்று சீராக வரும். சீரான காற்றோடு நங்கூரம் ஒத்துப்போகும்.

இப்போது மையக் கேள்விக்கு வருகிறேன். கிளம்ப வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க, நங்கூரம் பெயர்ந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பதையே நான் எப்போதும் முதலில் செய்கிறேன். பெயர்ந்தால் படகு திறந்த நீருக்குள் தள்ளப்படுமானால், எழுந்து இன்ஜினைப் போட்டு மறுபடியும் நங்கூரமிட நேரம் கிடைக்கும். பின்னால் பாறையோ கரையோ பிற படகுகளோ இருந்தால், பெயர்ந்ததை அறியும்போதே நேரம் முடிந்திருக்கும். நீங்கள் நின்ற இடத்தில் காற்று உங்களை நேராக ஊர்க்கரையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. அந்த ஒரு காரணமே, வெளிச்சம் இருக்கும்போதே மாறிவிட வேண்டும் என்று சொல்லப் போதுமானது. குழந்தைகளின் வாந்தி அதைவிடச் சிறிய காரணமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஓர் இரவு தூங்காத கப்பித்தான் மறுநாள் காலை எடுக்கும் முடிவுகள் மங்கியவை. படகின் குலுக்கலால் வரும் களைப்பு நேரடியாகவே பாதுகாப்பைப் பாதிக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பிடித்திருக்கும் நங்கூரம் கையில் உள்ள சொத்து. அதைத் தூக்கிய கணம் முதல் புதிய இடத்தில் அது மறுபடியும் பிடிக்கும்வரை, உங்கள் பாதுகாப்பு முழுவதும் ஓர் இன்ஜினையும் ஒரு வின்ச்சையும் மட்டுமே நம்பியிருக்கிறது. காற்று ஏறிய பிறகு, இருட்டில், இருவர் மட்டுமே படகு தெரிந்தவர்களாக இருக்கும் நிலையில், கடற்புல்லா மணலா என்று தெரியாத தரையில் நங்கூரம் போடுவதைவிட, பிடித்திருக்கும் நங்கூரத்தோடு விழித்திருப்பது மேல். படகு பெயர ஆரம்பித்தால் மட்டுமே இரவில் நகர்வேன். ஆகஸ்டில் அங்கே மாலை எட்டு மணிவரை வெளிச்சம் இருக்கும். ஆனால் அயியோஸ் இயோனிஸ் மூலையில் நல்ல இடங்கள் பிற்பகலுக்குள் நிரம்பிவிடும். ஆறு மணிக்குப் போகிறவருக்குக் கரைக்கு மிக அருகிலோ, வாய்க்கு மிக அருகிலோதான் இடம் கிடைக்கும். முன்னறிவிப்பு, காற்றின் வலுவைக் குறிக்கும் பொஃபோர்ட் அளவில் ஏழு, அதாவது 28 முதல் 33 நாட் என்று சொன்னால், ஐந்தாக இருக்கும் காலையிலேயே மாறிவிடுங்கள்.

முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் உண்மையான ஐயம் இருக்கிறது. கிரேக்க வானிலைத் துறையின் கடல் அறிக்கையும், ஒலிம்பியா ரேடியோ வி.எச்.எஃப். அலைவரிசையில் வாசிக்கும் அறிவிப்பும் பெரும்பரப்புக்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஒரு மெல்டெமி எப்போது தொடங்கும் என்பதை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே பெரும்பாலும் சரியாகச் சொல்கிறார்கள். எப்போது ஓயும் என்பதில் தவறுவது அதிகம். கைபேசிச் செயலிகளில் வரும் உலகளாவிய மாதிரிகள் சிறு தீவுகளையும் அவற்றின் இடையேயான கால்வாய்களையும் சரியாகப் பார்ப்பதில்லை. பாரோஸுக்கும் நக்சோஸுக்கும் இடையே காற்று குறுகி விரைவதை அவை குறைத்தே காட்டும். செயலி காட்டும் சராசரியோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டி, அதையே நான் தயாராக வேண்டிய காற்றாக எடுத்துக்கொள்கிறேன். இது கைக்கணக்கே தவிர விதியன்று.

மாறுவது என்று முடிவெடுத்தபின், நங்கூரத்தைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையே பாதி வெற்றி. கரைக்குப் போய்வரும் சிறு படகான டிங்கியைப் பின்னால் இழுத்துச் செல்லாதீர்கள். அந்தக் காற்றில் அது கவிழும், அல்லது அதன் கயிறு இன்ஜின் விசிறியில் சுற்றும். மோட்டாரைக் கழற்றிப் படகில் பொருத்தி, டிங்கியை மேலே ஏற்றிக் கட்டுங்கள். நீரில் தொங்கும் கயிறு, துணி, ஏணி எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே கதவுகள், மேல் மூடிகள் எல்லாவற்றையும் பூட்டுங்கள். எல்லோருக்கும் மிதவைச் சட்டை. குழந்தைகள் படகின் உள்ளே, ஒரு பெரியவரோடு. இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, வெளியேறும் நீர் சீராக வருகிறதா என்று பாருங்கள். படகு நாள் முழுவதும் குலுங்கியிருந்தால் டீசல் தொட்டியின் அடியில் படிந்த கசடு கலங்கி வடிகட்டியை அடைக்கலாம். இன்ஜின் நின்றுபோவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான். அதனால் முன்பாயின் கயிறுகளைச் சீராக்கி, இழுத்தால் உடனே கொஞ்சம் விரியும் நிலையில் வையுங்கள். பாயின் ஒரு சிறு துண்டு இருந்தாலும் படகைத் திருப்பிக்கொள்ளலாம். கடைசியாக, சுக்கானில் நிற்பவரும் அணியத்தில் நிற்பவரும் கைச்சைகைகளை முன்பே பேசி வையுங்கள். 28 நாட் காற்றில் பன்னிரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் கத்துவது கேட்காது. முன்னே, பின்னே, இடம், வலம், நிறுத்து, நங்கூரம் தரையை விட்டுவிட்டது என்ற ஆறு சைகைகள் போதும்.

உங்கள் வின்ச் ஏன் நின்றது என்பதை, நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரிகளிலிருந்தே என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. அந்த வின்ச் படகை இழுக்க வைக்கப்பட்டதன்று. தளர்ந்து தொங்கும் சங்கிலியையும் நங்கூரத்தின் எடையையும் தூக்க மட்டுமே அது. காற்றுக்கு எதிராகப் படகையே அது இழுக்க நேர்ந்தால் மின்சுமை கூடி, மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர் விழும். நல்லவேளையாக அதுதான் விழும், மோட்டார் எரியாது. அணியத்தில் நிற்பவர் சங்கிலி நீருக்குள் எந்தத் திசையில் இறங்குகிறது என்பதைக் கையால் காட்ட வேண்டும்; சுக்கானில் நிற்பவர் இன்ஜினால் படகை மெல்ல அந்தத் திசையில் நகர்த்த வேண்டும்; சங்கிலி தளர்ந்து ஏறத்தாழ நேர்கீழாகத் தொங்கும்போது மட்டும் வின்ச்சை அழுத்தி, மறுபடியும் விறைக்கும்போது நிறுத்த வேண்டும். பத்து மீட்டருக்கு ஒருமுறை நின்று, சங்கிலிப் பெட்டியில் குவிந்து நிற்கும் சங்கிலியை ஒருவர் கையால் தட்டிச் சரிக்க வேண்டும். குவியல் உச்சியைத் தொட்டால் வின்ச் திக்கும். சங்கிலி செங்குத்தானதும் நிறுத்துங்கள். இங்கே வின்ச்சோடு போராடத் தேவையில்லை. சங்கிலியை அதன் பூட்டில் பூட்டிவிட்டுக் காத்திருந்தால், அடுத்த இரண்டு மூன்று அலைகளில் அணியம் எழும்போது படகின் மிதப்பு விசையே நங்கூரத்தைப் பெயர்த்துவிடும். அந்தக் கணத்தில் சங்கிலியின் விறைப்பு சட்டென்று விடுபட்டு, முன்முனை காற்றின் ஒரு பக்கமாகச் சரியத் தொடங்குவதைக் காலடியிலேயே உணரலாம்.

அந்தச் சரிவுக்கு சுக்கானில் நிற்பவர் தயாராக இருக்க வேண்டும். இன்றைய வாடகைப் படகுகளுக்குப் பக்கச்சுவர் உயரம். நிற்கும் படகை காற்று சில நொடிகளில் பக்கவாட்டில் திருப்பிவிடும். சுக்கான் வேலை செய்ய வேகம் வேண்டும் என்பதால், நங்கூரம் பெயர்ந்த சைகை வந்ததும் தயங்காமல் இன்ஜினைக் கூட்டி, எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று முன்பே முடிவெடுத்த பக்கம் திரும்ப வேண்டும். பிற படகுகளின் முன்னால் கடக்காதீர்கள். அவற்றின் சங்கிலி முன்னே நீண்டிருக்கும், நீங்கள் காற்றால் அதன் மேல் தள்ளப்படுவீர்கள். எப்போதும் பின்னால் கடக்க வேண்டும். நங்கூரம் மேலே வந்து பூட்டப்பட்டுக் கட்டப்படும்வரை வேகமாகப் போகக் கூடாது. தொங்கும் நங்கூரம் அலையில் ஆடி முன்முனையைக் குத்தும்.

பயணம் நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமாக இருக்காது. ஒன்றரை மைல் தூரத்தை மூன்று நாட் வேகத்தில் போனாலும் அரை மணி நேரம். அலையை நேராக மோதாமல் சற்றுச் சாய்வாக வாங்கினால் படகு நின்று நின்று போவது குறையும். நல்ல செய்தி என்னவென்றால், நீங்கள் போவது காற்றின் திசைக்கு எதிராக. ஒவ்வொரு நிமிடமும் அலை சிறுத்துக்கொண்டே வரும், ஏதாவது பழுதானால் பின்னால் விரிகுடாவின் அகலம் முழுவதும் இருக்கும். காற்றோடு ஓடி இன்னொரு மறைவிடம் தேடுவது முதல் அரை மணி நேரம் இன்பமாகவும், பிறகு திரும்ப முடியாததாகவும் இருக்கும். அதனால்தான், விரிகுடாவை விட்டு வெளியேறி பாரோஸைச் சுற்றி டெஸ்போட்டிகோ தீவு வரை போயிருக்கலாமே என்று உங்கள் நண்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. டெஸ்போட்டிகோவும் ஆன்டிபாரோஸும் சேர்ந்து உண்டாக்கும் மறைவு மெல்டெமிக்கு மிகச் சிறந்தது என்பது உண்மை. அங்கே காற்று தொடங்குவதற்கு முந்தைய நாளே போய்ச் சேர வேண்டும். ஏழு அளவில் வீசும்போது அங்கே போக வெளிக்கடலில் இறங்க வேண்டும். உள்ளேயே ஒன்றரை மைலில் மறைவு இருக்கும்போது அதற்கு அவசியம் இல்லை. பல வாடகை நிறுவனங்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் காற்றடித்தால் துறைமுகத்தை விட்டு வெளியேறத் தடைவிதிக்கின்றன; உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஊரின் சிறு படகுத்துறையையும் அந்த நேரத்தில் நாட மாட்டேன். நெரிசலான துறையில் வலுத்த காற்றில் பின்பக்கமாக நுழைவது, நங்கூரத்தை மாற்றிப் போடுவதைவிடக் கடினம்.

புதிய இடத்தில் நங்கூரமிடுவதில் அவசரம் கூடாது. முதலில் ஒரு சுற்று மெதுவாக வந்து, ஆழத்தையும் மற்றவர்கள் எங்கே எவ்வளவு சங்கிலியோடு நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஏஜியன் நீர் தெளிவானது. பிற்பகல் வெயிலில் மணல் வெளிர் நீலமாகவும், கடற்புல் கரும்பச்சைத் திட்டாகவும் தெரியும். அந்தப் புல் பெரும்பாலும் பொசிடோனியா. அதன் வேர்ப்பாயில் நங்கூரம் பிடிப்பதுபோல் நடித்துப் பின் விட்டுவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி அது பாதுகாக்கப்பட வேண்டிய வாழிடமும்கூட. வெளிர் திட்டின் மேல்முனைக்கு, காற்றை நேராக எதிர்கொண்டு வந்து நில்லுங்கள். படகு முற்றிலும் நின்று, பின்னால் நகரத் தொடங்கும் கணத்தில் நங்கூரத்தை இறக்குங்கள். அது தரையைத் தொட்டபின் காற்றே படகைப் பின்னால் கொண்டுபோகும். அதே வேகத்தில் சங்கிலியை விட வேண்டும், ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது.

எவ்வளவு சங்கிலி என்பதில் கணக்கு எளிது, ஆனால் பலரும் ஓர் எண்ணை மறக்கிறார்கள். ஆழத்தோடு நீர்மட்டத்திலிருந்து அணியம்வரை உள்ள உயரத்தையும் கூட்ட வேண்டும். ஐந்து மீட்டர் ஆழமும் 1.2 மீட்டர் உயரமும் சேர்ந்தால் 6.2. சாதாரண நாளில் அதன் ஐந்து மடங்கு, 31 மீட்டர். வலுத்த காற்றில் ஏழு மடங்கு, ஏறத்தாழ 43 மீட்டர். ஓதத்தால் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏஜியனில் மிகச் சிறிது என்பதால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டாம். சங்கிலி வெளியே போனபின் இன்ஜினைப் பின்னோக்கி முதலில் மெதுவாகவும், பிறகு நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் வரையும் கூட்டி அரை நிமிடம் இழுங்கள். அப்போது அணியத்தில் நிற்பவர் குனிந்து, வின்ச்சுக்கு முன்னே உருளையைத் தாண்டி நிற்கும் சங்கிலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். பிடித்த நங்கூரத்தின் சங்கிலி விறைப்பாக, அசைவற்று இருக்கும். தரையைக் கீறிக்கொண்டு வரும் நங்கூரமோ கையில் கரகரவென்ற அதிர்வாகவும், இடையிடையே துள்ளலாகவும் தெரியும். கரையில் ஒன்றின் பின் ஒன்றாக இருக்கும் இரண்டு பொருள்களை, ஒரு சுவரும் அதன் பின் ஒரு மரமும்போல, பக்கவாட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது அவை ஒன்றையொன்று விட்டு விலகாமல் இருந்தால் படகு நகரவில்லை. ஒரே இடத்தில் இரண்டு முறை பிடிக்கவில்லையென்றால் மூன்றாம் முறை அங்கேயே முயலாதீர்கள். தரை சரியில்லை, வேறு திட்டுக்குப் போங்கள்.

பிடித்தபின் சங்கிலியின் சுமையை வின்ச்சிலிருந்து எடுத்து நைலான் கயிற்றுக்கு மாற்றுவது கட்டாயம். ஐந்தாறு மீட்டர் நீளமான, முறுக்கிய நைலான் கயிற்றின் ஒரு முனையைச் சங்கிலியில் கொக்கியால் மாட்டி, மறுமுனையை அணியத்தின் கட்டைகளில் கட்டி, சங்கிலியைத் தளரவிட்டால், ஒவ்வொரு உலுக்கையும் கயிறு நீண்டு வாங்கிக்கொள்ளும். கயிறு முனையில் உரசும் இடத்தில் பழைய துணியையோ ரப்பர் குழாயையோ சுற்றுங்கள்; இரவில் அறுபடுவது அங்கேதான். நீங்கள் எழுதியதில் இந்தக் கயிறு பற்றிக் குறிப்பே இல்லை. அது இல்லாமல்தான் அன்றிரவு இருந்தீர்கள் என்றால், படகுக்குள் நீங்கள் கேட்டிருக்கக்கூடிய இடைவிடாத தட்டல் சத்தத்தின் பெரும்பகுதி அதனால்தான். நங்கூர எச்சரிக்கைச் செயலியை வையுங்கள், ஆனால் அதன் வட்டத்தை, படகு இருக்கும் இடத்தை மையமாக வைத்து அமைக்காமல், நங்கூரம் விழுந்த இடத்தை மையமாக வைத்து அமையுங்கள். நீங்கள் பெயராவிட்டாலும் முன்னால் இருப்பவர் பெயரலாம் என்பதால், நெரிசலான இடத்தில் ஒருவர் முறைவைத்து விழித்திருப்பதே நல்லது. அந்நேரம் சாவி இன்ஜினிலேயே இருக்கட்டும்.

அடுத்த முறை படகை ஒப்படைக்கும் ஊழியரிடம் நான்கு விஷயங்களைக் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். வின்ச்சின் பிரேக்கர் எங்கே இருக்கிறது. அது விழுந்தால் எப்படி ஏற்றுவது. வின்ச்சே செத்தால் சங்கிலியைக் கையால் இறக்கவும் ஏற்றவும் பயன்படும் கைப்பிடி எங்கே. சங்கிலியின் மொத்த நீளம் எவ்வளவு, பத்து மீட்டருக்கு ஒருமுறை வண்ணம் பூசியிருக்கிறதா, அதன் கடைசி முனை படகோடு கட்டப்பட்டிருக்கிறதா. வாடகைப் படகுகளில் ஐம்பது மீட்டரோ சற்று அதிகமோ இருக்கும். வண்ணக்குறிகள் பெரும்பாலும் அழிந்திருக்கும். அழிந்திருந்தால், துறையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே சங்கிலியை வெளியே எடுத்து, வண்ண நாடாவைக் கட்டிவிடுங்கள்.